அச்சகம் நின்ற ஊரும் ஆசிரியர் நின்ற பக்கமும்

அன்புள்ள கதிரேசன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. துருக்கியின் விடுதலைப் போர்க்காலத்துப் பத்திரிகைகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை இருமுறை படித்தேன். அங்காராவிலிருந்து வெளிவந்த ஏடுகள் நாட்டின் பக்கம் நின்றன, இஸ்தான்புல் ஏடுகள் அந்நியருக்கு விலைபோயின என்பது தங்கள் முடிவு. அதில் ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன். மற்றதை ஏற்க என் மனம் இடம் தரவில்லை. ஏன் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையோடு படியுங்கள்.

முதல் உலகப் போரில் துருக்கி தோற்று, 1918 அக்டோபர் 30 அன்று முத்ரோஸ் துறைமுகத்தில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டே வாரத்தில் நேச நாடுகளின் போர்க்கப்பல்கள் சுல்தானின் தலைநகரான இஸ்தான்புல்லுக்கு முன்னால் நங்கூரம் பாய்ச்சின. அந்த மாதங்களில் எந்தப் பத்திரிகையாளருக்கும் எந்தப் பக்கம் நிற்பது என்று திட்டவட்டமாகத் தெரிந்திருக்கவில்லை. இதற்கு ஒரு சான்று சொல்கிறேன். அமெரிக்காவின் துணையோடு நாட்டைக் காப்பாற்றலாம் என்ற எண்ணத்தில் அந்த டிசம்பரில் வில்சன் கொள்கைச் சங்கம் என்ற ஒன்றை அங்குள்ள எழுத்தாளர்கள் தொடங்கினார்கள். ஹாலிதே எதிப், யூனுஸ் நாதி, அஹ்மத் எமின், ரெஃபிக் ஹாலித் ஆகிய நால்வரும் அதில் ஒன்றாக இருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழியவில்லை. முதல் இருவர் அங்காராவில், அந்நியரை எதிர்த்த தேசிய இயக்கத்தின் தலைவர் முஸ்தபா கெமாலின் தலைமையகத்தில் இருந்தார்கள், மூன்றாமவர் மால்டா தீவில் ஆங்கிலேயரின் கைதியாக இருந்தார், நான்காமவர் அங்காராவின் பகைவர் என்று பெயர் வாங்கியிருந்தார். தொடக்கத்தில் தேசபக்தரென்றும் துரோகியென்றும் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு யாரும் வரவில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அந்நியப் படை கண்ணெதிரே நிற்கும் நகரத்தில் எழுதுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதற்கு சுலைமான் நாஸிஃப் ஒருவரே போதும். 1919 பிப்ரவரி 8 அன்று பிரெஞ்சுத் தளபதி ஃபிரான்ஷே தெஸ்பெரே வெற்றி வீரனைப் போல வெண்குதிரையில் ஏறி நகருக்குள் ஊர்வலம் வந்தார். மறுநாளே ‘ஹாதிஸாத்’ பத்திரிகையில் அதை ஒரு கறுப்பு நாள் என்று நாஸிஃப் எழுதினார். தளபதிக்குக் கோபம் தலைக்கேறியது. நாஸிஃப் பின்னர் மால்டாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இஸ்தான்புல் பத்திரிகைகள் விலைபோயின என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது முதலில் என் நினைவுக்கு வந்தவர் இவர்தான். அதே ஆண்டு மே 15 அன்று கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியபோது முதல் தோட்டாவைச் சுட்டவர் என்று துருக்கியர் இன்றும் போற்றும் ஹசன் தஹ்சினும் ஒரு பத்திரிகை ஆசிரியர்தான். துறைமுகத்திலேயே அவரைக் கொன்றுவிட்டார்கள்.

இஸ்தான்புல்லில் கிரேக்க மொழியிலும் ஆர்மேனிய மொழியிலும் பத்திரிகைகள் வெளிவந்தன. நேச நாடுகளின் வருகையை அவை வரவேற்றதைத் துரோகம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. 1915-இல் வீடு வாசலிலிருந்து துரத்தப்பட்டு, உயிர் தப்பித் திரும்பியவர்களின் வாக்குமூலங்களை அச்சிட்டுக்கொண்டிருந்த ஓர் ஆர்மேனிய ஆசிரியரிடம், உமது விசுவாசம் யாருக்கு என்று கேட்கும் உரிமை அன்றைய துருக்கிய அரசுகள் எதற்கும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1920 மார்ச் 16 அன்று இஸ்தான்புல் முறைப்படி ஆக்கிரமிக்கப்பட்டது. அன்று காலை நடந்ததைத் தங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஷெஹ்ஸாதேபாஷி படைக்குடியிருப்பில் உறங்கிக்கொண்டிருந்த வீரர்களை ஆங்கிலப் படையினர் சுட்டுக் கொன்றனர். மனாஸ்திர்லி ஹம்தி என்ற தந்தி ஊழியர் அந்தச் செய்தியை அங்காராவிலிருந்த முஸ்தபா கெமாலுக்கு உடனே அடித்தார். அத்தோடு நிற்கவில்லை. எந்தக் கட்டடத்தைப் பிடித்துவிட்டார்கள், அடுத்து எங்கே வருகிறார்கள் என்று கம்பி துண்டிக்கப்படும்வரை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே இருந்தார். ஆசிரியர்களின் பெயர்கள் நூல்களில் நிறைந்திருக்கின்றன. ஆனால் அந்தப் போரில் செய்தியை உயிரோடு கொண்டு சேர்த்தவர்கள் இத்தகைய தந்தி ஊழியர்கள். இதற்கு முந்தைய ஆண்டு, தேசியவாதிகளின் தந்திகளை ஏற்கக் கூடாது என்று தந்தி நிலையங்களுக்கு உத்தரவிட்ட தலைமை அதிகாரி யார் தெரியுமா? மேலே சொன்ன எழுத்தாளர் ரெஃபிக் ஹாலித்தான். அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படியாத ஊழியர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

அனடோலியாவில் பத்திரிகை பிறந்த கதையைத் தாங்கள் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறீர்கள். சிவாஸ் நகரில் தேசியவாதிகள் கூட்டிய மாநாடு முடிந்த மூன்றாம் நாள், 1919 செப்டம்பர் 14 அன்று, ‘இராதெ-இ மில்லியெ’ வெளிவந்தது. இயக்கத்தின் தலைமை அங்காராவுக்கு இடம் மாறியதும் 1920 ஜனவரி 10 அன்று ‘ஹாகிமியெத்-இ மில்லியெ’ தொடங்கியது. தொடக்கத்தில் அது நாளேடாகக்கூட இல்லை. வாரம் இருமுறை வந்த சிறு ஏடு. ஆனால் என்னை அதிகம் ஈர்ப்பது செய்தி நிறுவனத்தின் தொடக்கம்தான். இஸ்தான்புல்லிலிருந்து தப்பி அங்காராவுக்குப் போய்க்கொண்டிருந்த ஹாலிதே எதிப்பும் யூனுஸ் நாதியும் வழியில் ஒரு ரயில் நிலையத்தில் பேசி முடிவு செய்த திட்டம் அது. 1920 ஏப்ரல் 6 அன்று அனடோலியா செய்தி நிறுவனம் தொடங்கியது. தேசியப் பேரவை கூடியதோ ஏப்ரல் 23 அன்று. அதாவது, ஓர் அரசு உருவாகும் முன்பே அதன் செய்தி நிறுவனம் உருவாகிவிட்டது. தலைமையகமாகியிருந்த பழைய வேளாண்மைப் பள்ளியில் ஹாலிதே தட்டச்சு இயந்திரத்தின் முன் அமர்ந்து, வெளிநாட்டு ஏடுகளிலிருந்து மொழிபெயர்த்து, செய்தித் தொகுப்புகளைத் தாமே அடித்தார். தந்தியில் போன அச்செய்திகளை அந்தந்த ஊர்களில் பள்ளிவாசல் சுவர்களிலும் பொது இடங்களிலும் ஒட்டினார்கள். எழுத்தறியாத மக்களுக்குப் படித்தவர்கள் வாசித்துக் காட்டினார்கள். அந்த மே மாதமே இஸ்தான்புல் இராணுவ நீதிமன்றம் முஸ்தபா கெமாலோடு சேர்த்து ஹாலிதேவுக்கும் மரண தண்டனை விதித்தது.

அச்சகம் எந்த ஊரில் நிற்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதை அதானாவில் பார்க்கலாம். பிரெஞ்சுப் படையின் பிடியிலிருந்த அந்நகரில் ‘ஃபெர்தா’ என்ற ஏடு பிரெஞ்சுக்காரர்களுக்குச் சாதகமாக எழுதிக்கொண்டிருந்தது. ‘யெனி அதானா’வுக்கு நகரில் இடமில்லாமல் போயிற்று, தவ்ருஸ் மலைத்தொடரில் உள்ள பொசான்டிக்கு நகர்ந்து, ஒரு ரயில் பெட்டிக்குள் அச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு பத்திரிகை அடித்தார்கள். ஒரே ஊர், ஒரே மொழி, ஒரே வாசகர்கள். ஆனால் ஒரு மலைக்கு இப்பாலும் அப்பாலும் இரண்டு உலகங்கள்.

மார்க்கத் தீர்ப்புகளும் இந்தப் போட்டியில் சிக்கின. 1920 ஏப்ரல் 11 அன்று சுல்தான் அரசின் தலைமை மார்க்க அதிகாரியான ஷேக்-உல்-இஸ்லாம் துர்ரிஸாதே அப்துல்லா, தேசியவாதிகள் கலகக்காரர்கள், அவர்களைக் கொல்வது கடமை என்ற பொருளில் ஃபத்வா அளித்தார். அரசிதழில் வெளியான அது விமானங்களிலிருந்தும் அனடோலியாவில் வீசப்பட்டது. அங்காரா முஃப்தி ரிஃபத் எஃபெந்தி அதற்கு எதிர் ஃபத்வா தந்தார். கலீஃபா அந்நியரின் பிடியில் இருக்கும்போது நிர்ப்பந்தத்தில் பிறந்த தீர்ப்பு செல்லாது என்பது அவர் வாதம். அனடோலியாவின் நூற்றுக்கும் மேற்பட்ட முஃப்திகள் அதில் ஒப்பமிட்டனர். ‘ஹாகிமியெத்-இ மில்லியெ’ அதை வெளியிட்டது. சாதாரணக் குடியானவர் ஒருவர் எந்தத் தாளை நம்புவார் என்று எண்ணிப் பாருங்கள்; இரண்டுமே இறைவன் பெயரால் வந்தவை.

இஸ்தான்புல்லிலேயே இருந்துகொண்டு அங்காராவை ஆதரித்த ஏடுகளைத் தாங்கள் குறிப்பிடவே இல்லை. ‘வகித்’, ‘அக்ஷாம்’, ‘இலெரி’, ‘தஸ்வீர்-இ எஃப்கார்’, ‘இக்தாம்’ ஆகியவை நேச நாட்டுத் தணிக்கையின் கீழ் வெளிவந்தன. தணிக்கை அதிகாரி வெட்டிய இடங்கள் வெற்றுப் பத்திகளாகவே வாசகர் கைக்குச் சென்றன. அந்த வெள்ளைத் தாளைப் பார்த்தே அங்கே என்ன இருந்திருக்கும் என்று மக்கள் ஊகித்துக்கொள்வார்கள். அஹ்மத் எமின், ஜெலால் நூரி, வெலித் எபுஸ்ஸியா போன்ற ஆசிரியர்கள் மால்டா சிறைவாசத்தை அனுபவித்தது இந்தப் பத்திரிகைகளுக்காகத்தான். என்னைக் கேட்டால், அங்காராவில் பாதுகாப்பாக அமர்ந்து அங்காராவைப் புகழ்ந்தவரைவிட, ஆங்கிலேயக் காவலர் வாசலில் நிற்க இஸ்தான்புல்லில் எழுதியவரின் துணிச்சல் பெரிது.

இனி அலி கெமால். தாங்கள் அவரை ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டீர்கள். ‘பெயாம்-இ சபா’வில் அவர் அங்காராவை ஈவிரக்கமின்றித் தாக்கினார் என்பது உண்மை. 1919-இல் உள்துறை அமைச்சராக இருந்தபோது, முஸ்தபா கெமால் பதவி நீக்கப்பட்டுவிட்டார், அவரோடு தொடர்பு வைக்காதீர்கள் என்று மாகாணங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியவரும் அவரே. அவருடைய அரசியல் கணிப்பு முற்றிலும் பிழையானது. அதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் இதே மனிதர்தான் ஆர்மேனியர் படுகொலையைத் துருக்கிய மொழியில் வெளிப்படையாகக் கண்டித்து, குற்றவாளிகளைத் தண்டிக்க வேண்டும் என்று எழுதியவர். உலகப் போர்க்காலத்தில் நாட்டை ஆண்ட ஐக்கிய முன்னேற்றக் கட்சியின் மீது அவருக்கிருந்த வெறுப்பு பழையது, ஆழமானது. அங்காராவில் அக்கட்சியின் மறுபிறவியையே அவர் கண்டார். 1922 செப்டம்பரில் இஸ்மிர் மீட்கப்பட்டதும், நம் எல்லோருடைய நோக்கமும் ஒன்றாகவே இருந்தது என்று அவர் எழுதினார். அதை யாரும் கேட்கும் நிலையில் இல்லை.

நவம்பர் 1 அன்று சுல்தான் ஆட்சி ஒழிக்கப்பட்டது. 4-ஆம் தேதி, பெயோக்லுவில் முடிதிருத்தும் கடையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்த அலி கெமாலைப் பிடித்துப் படகில் ஏற்றி இஸ்மித்துக்குக் கொண்டுபோனார்கள். அங்காராவில் நீதிமன்றத்தில் நிறுத்தப்போவதாகவே சொல்லப்பட்டது. இஸ்மித்தில் தளபதி நூருத்தீன் பாஷா அவரை விசாரித்தார். 6-ஆம் தேதி விசாரணை முடிந்து வெளியே வந்தவரைக் காத்திருந்த கும்பல் கல்லாலும் தடியாலும் அடித்தே கொன்றது. ஒரு பத்திரிகையாளர் எழுதியதற்குப் பதில் எழுத்தாக இருக்கலாம், வழக்காக இருக்கலாம். காவலில் இருக்கும் மனிதரைத் தெருவில் கும்பலிடம் விடுவது எந்த விடுதலைப் போருக்கும் பெருமை சேர்க்காது. இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கொதிக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

தாங்கள் படித்த நூல் 1922-உடன் முடிந்துவிடுகிறது போலும். அதற்குப் பிறகு நடந்தவை இல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. வெலித் எபுஸ்ஸியாவையே பின்தொடர்ந்து பாருங்கள். அங்காராவுக்காக மால்டா சென்று திரும்பியவர். 1923 டிசம்பரில் இந்திய முஸ்லிம் தலைவர்களான ஆகா கானும் அமீர் அலியும் கலீஃபா பதவியைக் காக்க வேண்டி துருக்கியின் பிரதமர் இஸ்மெத் பாஷாவுக்கு எழுதிய கடிதத்தை வெலித்தின் ‘தெவ்ஹீத்-இ எஃப்கார்’, ‘தனின்’, ‘இக்தாம்’ ஆகிய மூன்றும் வெளியிட்டன. நம் நாட்டு முஸ்லிம்களின் கிலாபத் உணர்வு, சென்னையில் யாகூப் ஹசன் போன்றோர் அதற்காகச் சிறை சென்றது எல்லாம் தாங்கள் அறிந்தவைதாம். அந்த உணர்வின் கடைசி அலை இஸ்தான்புல் ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிற்று. சுதந்திர நீதிமன்றம் என்ற சிறப்பு நீதிமன்றம் அங்காராவிலிருந்து இஸ்தான்புல்லுக்கே வந்து அந்த ஏடுகளின் ஆசிரியர்களை விசாரித்தது. 1924 ஜனவரியில் விடுதலையானார்கள். 1925 மார்ச்சில் அமைதி நிலைநாட்டல் சட்டம் வந்ததும் வெலித்தின் ஏடு மூடப்பட்டது. அவர் மீண்டும் நீதிமன்றத்தில் நின்றார். அஹ்மத் எமினின் ‘வதன்’ ஏட்டுக்கும் அதே கதி. போர்க்காலத்தில் கஸ்தமோனுவில் அச்சடித்து, போர்முனைக்குச் சென்று வீரர்களுக்கு ஊக்கமூட்டிய ‘செபீலுர்ரெஷாத்’ இதழும் அப்போதே மூடப்பட்டது. துருக்கியின் தேசிய கீதத்தை எழுதிய மெஹ்மத் ஆகிஃப் அதன் முதன்மை எழுத்தாளர். மறுபுறம், நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட 150 பேர் பட்டியலில் இருந்த ரெஃபிக் ஹாலித் 1938 பொதுமன்னிப்பில் திரும்பி வந்து, மீண்டும் எழுதி, வாசகர்களின் அன்பைப் பெற்றார்.

ஆகவே நண்பரே, யார் விலைபோனார் என்ற கேள்வியோடு இந்த ஏடுகளைப் படிக்காதீர்கள். எந்தத் தேதியில், எந்தப் படையின் நிழலில், எந்தப் பழைய பகையோடு எழுதினார் என்று கேட்டுப் படியுங்கள். அதன் பிறகும் குற்றம் சொல்ல வேண்டியவரைத் தாராளமாகச் சொல்லுங்கள்.

செய்தி நிறுவனத்தைத் தொடங்கிய ஹாலிதேவும் 1920-களின் நடுவில் நாட்டைவிட்டுச் சென்று 1939 வரை வெளியிலேயே வாழ்ந்தார். அந்த இடைக்காலத்தில் 1935-இல் இந்தியாவுக்கு வந்து தில்லி ஜாமியா மில்லியாவில் சொற்பொழிவுகள் ஆற்றினார். போர்க்காலத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகள் என்னிடம் உள்ளன. வரும் வாரம் பதிவு அஞ்சலில் அனுப்புகிறேன். வேளாண்மைப் பள்ளியில் அவர் செய்த பணிகளைக் கூறும் பகுதிகளை முதலில் படித்துவிட்டு, அலி கெமாலைப் பற்றிய என் கருத்தில் தங்களுக்கு உடன்பாடு உண்டா, இல்லையா என்று எழுதுங்கள்.

தங்கள் அன்புள்ள,
சுந்தரம்