பரோயே லீக்கின் 27 ஆட்டங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிறு நாடுகளின் கால்பந்து பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, பரோயே தீவுகளை 'பந்து கிடைக்காமல் ஒரு வருடம் லீக்கே நடக்காத இடம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. தகவல் சரிதான். 1944இல் அங்கே யாருக்கும் பட்டம் இல்லை. ஆனால் பந்து ஏன் இல்லை என்று சொல்லாவிட்டால் அது வேடிக்கைச் செய்தியாகிவிடுகிறது. பரோயே, வட அட்லாண்டிக்கில் டென்மார்க்கின் ஆளுகைக்கு உட்பட்ட தீவுக் கூட்டம். 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்தது. சில நாட்களிலேயே பிரிட்டிஷ் படை பரோயேவில் இறங்கியது. டென்மார்க்கோடு இருந்த தொடர்பு அறுந்துபோன அந்தக் காலத்தில்தான், 1942இல், தீவுக்காரர்கள் தங்கள் சாம்பியன்ஷிப்பையே தொடங்கினார்கள். முதல் பட்டம் கிளாக்ஸ்விக் ஊரின் கேஐ கிளப்புக்கு. மறுவருடம் சுதுரோய் தீவின் டிபி கிளப்புக்கு. போர்க்காலத் தட்டுப்பாட்டில் பந்து கிடைக்காமல் 1944 தவறியது, 1945இல் மீண்டும் நடந்தது. போருக்கு நடுவில் ஒரு லீக்கைத் தொடங்கி, தடைபட்ட மறுவருடமே அதை எழுப்பி நிறுத்தியவர்களைப் பற்றிய செய்தி அது.

கட்டுரை தொடாமலே விட்டது லீக்கின் அமைப்பை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

பரோயேவின் மக்கள் தொகை ஏறத்தாழ 54,000. முதல் பிரிவில் 10 அணிகள். குழந்தைகளையும் முதியவர்களையும் சேர்த்தே கணக்கிட்டாலும் ஓர் அணிக்கு 5,400 பேர்தான் வருகிறார்கள். இதற்கு மேல் அணிகளைக் கூட்டினால் ஆடத் தெரிந்தவர்கள் சிதறிவிடுவார்கள். 10 அணிகள் வழக்கம்போல் இருமுறை மட்டும் மோதினால் ஆளுக்கு 18 ஆட்டங்கள்தான் கிடைக்கும். அப்படி ஆடிய காலமும் அங்கே உண்டு. மார்ச்சில் தொடங்கி அக்டோபர் வரை நீளும் பருவத்துக்கு 18 போதாது. நான்குமுறை மோதினால் 36 ஆட்டங்கள். பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் ஆட்டக்காரர்கள் நிறைந்த லீக்குக்கு அது தாங்காது. ஆகவே மூன்றுமுறை: 9 எதிரணிகள், 27 ஆட்டங்கள், லீக் முழுவதற்கும் மொத்தம் 135.

இந்த ஏற்பாட்டின் பலவீனமும் அதற்குள்ளேயே இருக்கிறது. 27 ஒற்றைப்படை எண். முதல் 18 ஆட்டங்களில் எல்லோருக்கும் சொந்த மைதானத்தில் 9, வெளியூரில் 9 என்று சமமாக முடியும். மூன்றாம் சுற்றின் 9 ஆட்டங்களில் ஐந்து அணிகளுக்குச் சொந்த மைதானத்தில் 5 கிடைக்கும், மற்ற ஐந்துக்கு 4தான். முடிவில் பாதி அணிகள் 14 ஆட்டங்களையும் மீதிப் பாதி 13 ஆட்டங்களையும் வீட்டில் ஆடியிருக்கும். பட்டத்துக்குப் போட்டியிடும் இரண்டு அணிகள் மூன்றாவது முறை சந்திக்கும்போது அது யாருடைய மைதானம் என்பது சாதாரண விஷயமில்லை.

ஐஸ்லாந்து இதே 27ஐ வேறு வழியில் எட்டியது. அங்கே 12 அணிகள் இருமுறை மோதி 22 ஆட்டங்களோடு முடிப்பதுதான் வழக்கமாக இருந்தது. 2022 முதல் அந்த 22க்குப் பிறகு மேல் ஆறு, கீழ் ஆறு என்று பிரித்து, புள்ளிகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் இன்னும் ஐந்து ஆட்டங்கள் ஆடுகிறார்கள். பெரிய அணிகள் கடைசி வாரங்களில் ஒன்றோடொன்று மோதியே தீர வேண்டும். 2024இல் விக்கிங்குரும் பிரெய்தாபிலிக்கும் சமப் புள்ளிகளோடு கடைசி நாளில் நேருக்கு நேர் நின்றன. பிரெய்தாபிலிக் 3-0 என்று வென்று பட்டத்தை எடுத்துப் போனது. குறையும் உண்டு: ஏழாவதாக வந்து கீழ்க் குழுவில் விழும் அணிக்கு, அடுத்த பிரிவுக்குத் தரமிறங்கும் பயம் இல்லையென்றால், அந்த ஐந்து ஆட்டங்களில் ஆடிப் பெற எதுவும் இருக்காது. என்னைக் கேட்டால் 10 அணிகளுக்குப் பரோயே முறையே பொருந்தும். ஐந்தைந்தாகப் பிரித்தால் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு குழுவிலும் ஓர் அணி சும்மா இருக்க வேண்டிவரும்.

தரமிறக்கத்திலும் சிறு நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பரோயேவின் இரண்டாம் பிரிவில் ஆடும் பல அணிகள் முதல் பிரிவு கிளப்புகளின் இரண்டாம் அணிகளே. கிளப்பின் முதல் அணி மேலே இருக்கும்வரை அவை எத்தனை புள்ளி எடுத்தாலும் மேலே வர முடியாது. அடுத்துள்ள தகுதியான கிளப்புக்கே அந்த இடம் போகும். இது தெரியாமல் இரண்டாம் பிரிவுப் பட்டியலைப் பார்ப்பவர்கள், முதலிடத்தில் இருந்தும் ஏன் தரவுயர்வு இல்லை என்று குழம்புவார்கள்.

ஊர்களின் தூரத்தையும் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். எச்பி, பி36 கிளப்புகள் இரண்டும் தலைநகர் டோர்ஸ்ஹவ்னில் ஒரே குண்டதாலுர் மைதான வளாகத்தில் ஆடுபவை. கிளாக்ஸ்விக் வேறு தீவு. 2006இல் கடலடிச் சுரங்கம் திறக்கும்வரை அங்கே காரோடு போகப் படகுதான் வழி. 2020 டிசம்பரில் திறந்த 11 கிலோமீட்டர் சுரங்கம், தலைநகருக்கும் கிளாக்ஸ்விக்குக்கும் இடையிலான 68 நிமிடப் பயணத்தை 36 நிமிடமாக்கியது. வேலை முடிந்து மாலை ஆட்டத்துக்குக் கிளம்பும் ஆட்டக்காரருக்கு இந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரியது! சுதுரோய்க்கு மட்டும் இன்னும் இரண்டு மணி நேரக் கப்பல் பயணம். 1987வரை பட்டம் வென்றுகொண்டிருந்த டிபி, பிறகு அதே தீவின் மற்ற கிளப்புகளோடு இணைய வேண்டிவந்தது. 1993 முதல் 1996 வரை தொடர்ந்து நான்குமுறை சாம்பியனான கோட்டா ஊரின் ஜிஐகூட 2008இல் பக்கத்து லேர்விக் ஊர்க் கிளப்போடு சேர்ந்து விக்கிங்குர் ஆனது. (ஐஸ்லாந்தின் விக்கிங்குர் வேறு, இது வேறு.) இணைப்பு பலன் தந்தது: 2016, 2017, 2024 பட்டங்கள் இவர்களுக்கு.

மைதானத் தரையும் இந்தக் கதையில் சேரும். 1990 செப்டம்பர் 12 அன்று பரோயே ஆஸ்திரியாவை 1-0 என்று வீழ்த்தியது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆட்டம் ஸ்வீடனின் லாண்ட்ஸ்க்ரோனாவில் நடந்ததற்குக் காரணம், தீவில் புல்தரை மைதானமே இல்லாததுதான். மழையும் காற்றும் ஓயாத அந்தத் தீவுகளில் இன்று லீக் செயற்கைப் புல்லில் நடக்கிறது.

பருவம் கோடையில் நடப்பதால் ஒரு லாபமும் உண்டு. ஐரோப்பியத் தகுதிச் சுற்றுகள் ஜூலையில் வரும்போது பெரிய லீக் கிளப்புகள் விடுமுறை முடிந்து அப்போதுதான் பயிற்சி தொடங்கியிருக்கும். பரோயே கிளப்புகளோ பருவத்தின் நடுவில், ஆட்டச் சூட்டில் இருக்கும். 2023இல் கேஐ, ஹங்கேரியின் பெரென்ட்ஸ்வாரோஷை அதன் சொந்த மண்ணிலேயே 3-0 என்று வென்றது. ஸ்வீடனின் ஹெக்கனைப் பெனால்டியில் வெளியேற்றியது. ஐரோப்பாவின் மூன்றாம் நிலைக் கிளப் போட்டியான கான்பரன்ஸ் லீக்கின் குழுச் சுற்றுக்கு வந்த முதல் பரோயே கிளப் ஆனது. அங்கே லீல் அணியை 0-0 என்று நிறுத்தி, ஒலிம்பியா லுப்லியானாவை 3-0 என்று தோற்கடித்தது. ஆட்டத்திறனோடு அட்டவணையும் இதற்குத் துணை நின்றது.

இந்த வெற்றிக்கு உள்நாட்டில் ஒரு விலை இருக்கிறது. ஐரோப்பியப் போட்டிகளில் கிடைக்கும் பணம் திரும்பத் திரும்ப அதே கிளப்புகளுக்கே போகிறது. 2012இல் இபி/ஸ்ட்ரேய்முர் வென்ற பிறகு, 2013 முதல் 2024 வரை பட்டம் எச்பி, பி36, விக்கிங்குர், கேஐ என்ற நான்கு கிளப்புகளுக்குள்ளேயே சுற்றியது. எந்த அட்டவணை மாற்றமும் இதைத் தீர்க்காது. பணப் பங்கீட்டில்தான் கை வைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வெளியான புள்ளிப் பட்டியலில் ஆட்டம், வெற்றி, சமன், தோல்வி மட்டுமே இருந்தன. அடுத்தமுறை பரோயே பட்டியலைப் போடும்போது சொந்த மைதான ஆட்டங்கள் எத்தனை மிச்சமுள்ளன என்பதற்கு ஒரு நெடுவரிசை சேர்த்துவிடுங்கள். 18ஆம் சுற்றுக்குப் பிறகு இரண்டு அணிகள் சமப் புள்ளியில் நின்றால், மிச்சமுள்ள ஒன்பதில் யாருக்கு வீட்டில் ஐந்து, யாருக்கு நான்கு என்பதை வாசகர் அந்த நெடுவரிசையிலிருந்தே பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
கால்பந்து வாசகர் ஒருவர்