நடுக்கம் திரும்பி வந்ததே என்று கலங்க வேண்டாம், பெரியப்பா

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பார்க்கின்சன் நடுக்கத்துக்காக மூளைக்குள் மெல்லிய மின்கம்பி வைத்த ஆபரேஷன் முடிந்த வாரம் கை ஆடாமல் கிடந்தது, இப்போது காபி டம்ளர் மறுபடி தளும்புகிறது, செலவழித்த பணமெல்லாம் தண்டமா என்று போனில் கேட்டீர்கள். தண்டமில்லை. கம்பியை இறக்கும்போது அந்த இடத்தில் மூளை லேசாக வீங்கும். அந்த வீக்கமே சில நாள், சிலருக்குச் சில வாரம், நடுக்கத்தை அடக்கி வைக்கும். வடிந்ததும் பழையது எட்டிப் பார்க்கும். அந்தக் கம்பிக்கு மின்னோட்டம் தர உங்கள் நெஞ்சில் வைத்திருக்கும் பேட்டரியை இன்னும் ஆன் செய்யவே இல்லை. இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துச் செய்வதுதான் வழக்கம். வீக்கத்தோடு மின்னோட்ட அளவு வைத்தால் அது பொய் அளவாகிவிடும்.

ஆன் செய்யும் முதல் நாள் காலை மாத்திரை போடாமல் வரச் சொல்வார்கள். கம்பி நுனியில் இருக்கும் மின்முனைகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். நொடிக்கு 130 மின்துடிப்பு, ஒவ்வொரு துடிப்பும் 60 மைக்ரோ நொடி என்பது வழக்கமான தொடக்கம். அதை அப்படியே வைத்துக்கொண்டு மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்தாலோ, நாக்கு குழறினாலோ, எதிரே இருப்பவர் இரண்டாகத் தெரிந்தாலோ உடனே சொல்லிவிடுங்கள். டாக்டர் முன்னால் பொறுத்துக்கொள்கிற பழக்கம் நம் வீட்டு ஆண்களுக்கு உண்டு. இங்கே அது உதவாது. எந்த அளவில் இழுப்பு வந்தது என்பதை வைத்துத்தான் அவர்கள் வேலி போடுவார்கள். விறைப்பும் நடுக்கமும் சில நிமிடங்களில் அடங்கும், நடை சீராகச் சில நாள் பிடிக்கும். அதனால் அன்று மாலையே தீர்ப்பு எழுத வேண்டாம். அளவு படிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்.

எது சரியாகும் என்று பெரியம்மா கேட்டார்கள். உங்கள் பார்க்கின்சன் மாத்திரை சிண்டோபா நன்றாகப் பிடித்திருக்கும் நேரத்தில் உங்களுக்கு எதெல்லாம் சரியாக இருந்ததோ, அதை இந்தக் கருவி நாள் முழுக்க ஏற்ற இறக்கமில்லாமல் தரப் பார்க்கும். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு; மாத்திரைக்கு மசியாத நடுக்கமும் இதற்கு மசிவதுண்டு. மாத்திரை பிடித்திருக்கும்போதும் கால் தரையில் ஒட்டிக்கொண்டிருந்தால், பேட்டரியும் அதைப் பெரிதாக மாற்றாது. அதற்கு ஹாலிலிருந்து பாத்ரூம் வரை அடிக்கு ஒரு கலர் டேப் ஒட்டி, ஒவ்வொன்றாகத் தாண்டி நடங்கள். குரல் சிலருக்கு முன்பைவிடத் தணிந்துவிடும். தினமும் கால் மணி நேரம் பேப்பரைச் சத்தமாகப் படியுங்கள். குக்கர் விசில் அடிக்கும்போதும் பெரியம்மாவுக்குக் கேட்க வேண்டும். காபி குடிக்கும்போது புரையேறினால் அதையும் சொல்லுங்கள்.

கை நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் விறைப்பும் காய்ச்சலும் குழப்பமும் சேர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மின்னோட்டம் ஏற ஏற டாக்டரே குறைப்பார். குறைக்காமல் விட்டால் கை கால் தானாக நெளிந்து ஆடும். ஒரு நோட்டில் நேரம், மாத்திரை, அப்போது விறைப்பா, நடுக்கமா, ஆட்டமா என்று எழுதி வையுங்கள். மாத்திரைக்கும் டிபனுக்கும் நடுவே அரை மணி நேரம் விடும் பழக்கம் தொடரட்டும். இட்லியின் உளுந்திலும் சாம்பார்ப் பருப்பிலும் தயிரிலும் உள்ள புரதம், மருந்து ஏறும் அதே வழியில் முண்டியடிக்கும்.

இனி எனக்கு மிகவும் பயமான விஷயம். உங்கள் தோள் வலிக்கு வேளச்சேரியில் தெரு முனை பிசியோதெரபி கிளினிக்கில் கரண்ட் வைப்பதாகச் சொன்னீர்கள். அலைகளால் உடம்புக்குள் சூடேற்றும் ஷார்ட்வேவ் டயதர்மி, மைக்ரோவேவ் டயதர்மி, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை மூன்றும் இனி ஆயுளுக்கும் கிடையாது. அந்தச் சக்தி வயர் வழியாக ஓடி மூளையில் இருக்கும் நுனியைச் சூடாக்கிவிடும். மூளை நிரந்தரமாகச் சேதமானதும் உண்டு, உயிர் போனதும் உண்டு. பேட்டரியை ஆஃப் செய்தாலும், வலி முழங்காலில் இருந்தாலும் இதே கதைதான். வயிற்றுக்கு எடுக்கும் ஸ்கேன் வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம். தோளுக்கு வெந்நீர்ப் பை ஒத்தடமும் பயிற்சியும் போதும். எம்.ஆர்.ஐ. என்றால் படுக்கும் முன் இந்தக் கருவி இருப்பதைச் சொல்லும் கருவி அட்டையைக் காட்டி, உங்கள் மாடலுக்கு எது அனுமதி என்று பார்க்கச் சொல்லுங்கள். அதே அட்டையின் பின்புறம் பெரினார்ம், ஸ்டெமெட்டில் கூடாது என்று எழுதி வையுங்கள். வாந்தி என்று போனால் பழக்கதோஷத்தில் போட்டுவிடும் ஊசிகள் இவை, பார்க்கின்சனை மோசமாக்கும்.

மெட்ரோ ஸ்டேஷன் வாசலிலும் மால் வாசலிலும் அட்டையைக் காட்டிக் கையால் சோதிக்கச் சொல்லுங்கள். கேட்டில் சாய்ந்து நிற்க வேண்டாம். போனைச் சட்டைப் பையில் போடாதீர்கள். உங்கள் பேட்டரி இடது பக்கம், சட்டைப் பையும் இடது பக்கம். சலூனில் தலையைத் தட்டி மசாஜ் செய்வதற்குத் தடை. நெஞ்சில் இருக்கும் பெட்டியை விரலால் நகர்த்திப் பார்ப்பதையும் விடுங்கள். தோலுக்கடியில் அது சுழன்றால் வயர் முறுக்கி அறுந்துபோகும், மறுபடி ஆபரேஷன்தான். காதுக்குப் பின்னாலோ நெஞ்சிலோ சிவந்தாலும் நீர் கசிந்தாலும் மஞ்சள் பூசாமல், அன்றே போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுக் கிளம்பி வாருங்கள்.

உங்களுடையது ரீசார்ஜ் வகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பக்கம் கரண்ட் வர எத்தனை நாள் ஆனது என்று உங்களுக்கே தெரியும். புயல் எச்சரிக்கை வந்ததும் பால் பாக்கெட்டுக்கு ஓடும் முன்னால் பெட்டியையும் சார்ஜரையும் முழுக்க ஏற்றிவிடுங்கள். மழை மாதங்களில் பாதிக்குக் கீழே இறங்க விட வேண்டாம். பேட்டரி தீர்ந்து உடம்பு கட்டையாகி, விழுங்க முடியாமல், காய்ச்சலும் வந்தால் அப்பாயின்ட்மென்ட் பார்க்காமல் நேரே எமர்ஜென்சிக்கு வாருங்கள்.

பெரியம்மாவுக்கு ஒன்று. பெரியப்பா எதிலும் பிடிப்பில்லாமல் நாற்காலியே கதியென்று உட்கார்ந்தாலும், திடீரென ஆன்லைன் ரம்மியில் பணம் விட்டாலும் அதைக் குணக்கேடு என்று சண்டை போடாதீர்கள். மருந்தளவும் மின்னளவும் செய்யும் வேலையாக இருக்கலாம், சரிசெய்யலாம். வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை வந்தால் தனியாக விடாமல் அன்றைக்கே அழைத்து வாருங்கள்.

புதன்கிழமை வரும்போது காலை மாத்திரையைக் கையோடு எடுத்து வாருங்கள், சோதனை முடிந்ததும் போட வேண்டியிருக்கும். ரிமோட், நோட்டு, கருவி அட்டை மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும். அந்தக் காபி டம்ளரும் வேண்டும். முக்கால் டம்ளர் தண்ணீர் ஊற்றித் தூக்கிக் காட்டுங்கள், எவ்வளவு சிந்துகிறது என்று அவர்கள் நேரிலேயே பார்த்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்