பழகுநர் பயிற்சி: பெற்றோருக்கும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், தொழில் பழகுநர் சட்டப்படி தங்கள் ஊழியர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை, அதாவது வேலையிடத்திலேயே தொழில் கற்பவர்களை, சேர்த்தாக வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டை ஒரு பஸ் தூரத்தில் இருந்தும், வியாசர்பாடி, புளியந்தோப்புப் பிள்ளைகளில் பலருக்கு விஷயமே தெரிவதில்லை. தெரிந்தாலும், ‘சம்பளமில்லாத எடுபிடி வேலை’ என்று வீட்டில் தடுக்கிறார்கள். மாதாமாதம் உதவித்தொகை உண்டு, முடித்தால் சான்றிதழும் உண்டு என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது? இணையதளத்தில் பதிவு செய்யச் சொன்னால் மட்டும் போதுமா? வேலைவாய்ப்பு அலுவலக ஊழியர்கள் மாதம் ஒருமுறையாவது இங்குள்ள சமுதாயக் கூடங்களில் உட்கார்ந்து, பெற்றோரிடமும் பேசி, விண்ணப்பத்தைக் கூடவே இருந்து நிரப்பித் தரட்டும். அப்புறம், முதல் உதவித்தொகை கைக்கு வரும்வரை பஸ் செலவுக்கும் ஏதாவது ஏற்பாடு வேண்டும்.

– ஒரு வாசகி, வியாசர்பாடி, சென்னை