‘அவ்வளவுதான்’ என்று முடித்துவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டப்படிப்போடு சேர்த்து வேறு என்னென்ன படிக்கலாம் என்று சென்ற இதழின் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நடை தெளிவாக இருந்தது, எழுத்துப் பிழை கண்ணில் படவில்லை, படங்களும் நன்றாக இருந்தன. இவற்றை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. அதே கட்டுரையில் ஒரு வாக்கியம்: “வணிகவியல் மாணவர்கள் கூடவே ஒரு கணினிப் பயிற்சியையும் முடித்து வைத்தால் சுயவிவரத்தில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.” கட்டுரையாளர் ‘கணினிப் பயிற்சி’ என்று குறிப்பிடுவது வணிகப் பட்டத்தோடு இணைத்துப் படிக்கும் வணிகத் தொழில்நுட்பச் சான்றிதழைத்தான் என்பது முந்தைய வாக்கியத்திலிருந்து தெரிகிறது. அந்தச் சான்றிதழுக்காக நான்கு செமஸ்டர்களைச் செலவழித்தவள் நான். ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லை எழுத அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வணிகவியல் படித்தவர்களுக்குக் கணக்குப் போடும் பழக்கம் போவதில்லை.

தங்களுக்குத் தெரியாததல்ல, இது தட்டச்சு கற்றுத்தரும் வகுப்பு அன்று. நிறுவனத்துக்குள் ஒரு தகவல் எந்த மேசையில் பிறந்து எந்த மேசைக்குப் போகிறது என்பதையும், அதை எந்த அட்டவணையில் எப்படி வைத்தால் பிறகு நம்பி எடுக்க முடியும் என்பதையும் கற்பிக்கும் படிப்பு இது. எக்செல் அதில் ஒரு பகுதிதான். எங்களை உண்மையில் வாட்டி எடுத்தது டேட்டாபேஸ் பாடம். ஒவ்வொரு அட்டவணையையும் காட்டி, “இந்த வரியை அடுத்த வரியிலிருந்து பிரித்துக் காட்டுவது எது?” என்று எங்கள் ஆசிரியை கேட்பார். பெயர் என்று சொன்னால், ஒரே பெயரில் இருவர் இருந்தால் என்ன செய்வாய் என்பார். தேதி என்று சொன்னால், ஒரே நாளில் இரண்டு விற்பனை நடக்காதா என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒருவரும் அடுத்த அட்டவணைக்குப் போக முடியாது. ஒரு வரியைத் தனித்து அடையாளம் காட்டும் அந்தப் பதிலுக்குப் பிரைமரி கீ என்று பெயர். அப்போது எரிச்சலாக இருந்தது. அதன் மதிப்பு தெரிந்தது வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதத்தில்.

நான் சேர்ந்தது கணக்குப் பிரிவில், இன்வாய்ஸ்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் இடத்தில். ஒரு சப்ளையருக்கு ஒரே இன்வாய்ஸுக்காக இருமுறை பணம் போயிருந்தது. ஒரே எண்ணை இரண்டாவது முறை பதிய மென்பொருள் விடாது என்பது அங்கு எல்லோருடைய நம்பிக்கை. நம்பிக்கை தவறில்லை, ஒருவர் அந்த எண்ணின் நடுவில் சிறுகோடு போட்டுப் பதிந்திருந்தார், மற்றவர் கோடில்லாமல் பதிந்திருந்தார். மனிதக் கண்ணுக்கு அது ஒரே இன்வாய்ஸ், கணினிக்கு இரண்டு. போதாக்குறைக்கு அந்த சப்ளையரே பட்டியலில் இருமுறை இருந்தார், ஒருமுறை முதலெழுத்துக்குப் பின் புள்ளியோடும் ஒருமுறை புள்ளியில்லாமலும். அன்று மாலை ஓராண்டுப் பதிவுகளை ஒரு தாளில் இறக்கி, எண்களிலிருந்த கோடுகளையும் இடைவெளிகளையும் முன்னால் நின்ற பூச்சியங்களையும் நீக்கி, தொகையையும் தேதியையும் பக்கத்தில் வைத்து வரிசைப்படுத்தினேன். இன்னும் 11 ஜோடிகள் வந்து நின்றன.

கட்டுரையாளர் கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகு நடந்ததை. அந்த 11 ஜோடிகளில் மூன்று உண்மையில் தனித்தனி இன்வாய்ஸ்கள், தொகை மட்டும் தற்செயலாக ஒன்றாக இருந்தது. அதைப் பிரித்துச் சொன்னது எக்செல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய கொள்முதல் ஆணையையும் சரக்கு வரவுச் சீட்டையும் எடுத்து இன்வாய்ஸோடு ஒப்பிட்டுத்தான் தெரிந்தது. அந்த மும்முனைச் சரிபார்ப்பு தணிக்கைப் பாடத்தில், அதாவது பட்டப்படிப்பில் கற்றது. பட்டம் மட்டும் இருந்திருந்தால் ஜோடிகள் கண்ணில் பட்டிருக்காது, சான்றிதழ் மட்டும் இருந்திருந்தால் 11 சப்ளையர்களிடமும் பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன். சுயவிவரத்தின் அந்த ஒரு வரி செய்த வேலை இது.

வணிகவியலையும் கணினியையும் தனித்தனி அலமாரியில் வைப்பது எனக்கு எப்போதுமே விளங்கியதில்லை. ஒவ்வொரு வரவு செலவையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை 1494ஆம் ஆண்டு வெனிஸில் வெளியான தம் கணித நூலில் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சோலி விளக்கி எழுதினார். அன்றைய வணிகருக்கு அதுவே தொழில்நுட்பம். தனிநபர் கணினியில் எக்செல் போன்ற விரிதாள் என்ற யோசனையும் மென்பொருள் நிறுவனம் எதிலும் பிறந்ததில்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் நிர்வாகம் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து மீண்டும் எழுத வேண்டியிருந்ததைப் பார்த்து அதை யோசித்தார். பாப் ஃபிராங்க்ஸ்டனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் 1979இல் விற்பனைக்கு வந்தது. பிரிக்லின் அதற்கு முன்பே கணினியியல் கற்றவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவரும் மற்ற மாணவர்களைப் போல அழித்து எழுதிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

விரிதாளைத் தெரியாமல் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2020ஆம் ஆண்டை நினைவூட்டினால் போதும், தங்கள் இதழ் அந்தச் செய்தியைத் தவறவிட்டிருக்காது. இங்கிலாந்தில் கொரோனா தொற்று உறுதியான ஏறத்தாழ 16,000 பேரின் பதிவுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. அந்த வடிவத்தில் தகவலைக் கொட்டியவர்களுக்கு அது உறைக்கவில்லை. புதிய வடிவம் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வரிகளைக் கொள்ளும். இந்த வேறுபாட்டை எங்களுக்கு முதல் மாதத்திலேயே, ‘கணினிப் பயிற்சி’யில்தான், சொல்லிக்கொடுத்தார்கள்.

கட்டுரையாளர் மீது மட்டும் பழி போடுவது நியாயமாகாது, இந்த அலட்சியம் கல்லூரிக்குள்ளேயே தொடங்குகிறது. மூன்றாவது செமஸ்டரில் தணிக்கைத் தேர்வும் டேட்டாபேஸ் செய்முறைத் தேர்வும் ஒரே நாள் காலையில் வந்தன. துறைத் தலைவரிடம் போய் நின்றபோது, “எது முக்கியம் என்று நீயே முடிவு செய்துகொள்” என்றார். இரண்டு தேர்வுகளுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்ட அலுவலகம் அந்தக் கேள்வியைச் சேர்க்கையின்போது கேட்டிருக்கலாம். கடைசியில் டேட்டாபேஸ் ஆசிரியை தம் சொந்தப் பொறுப்பில் மாலையில் எனக்கு மட்டும் தேர்வு வைத்தார். சான்றிதழ், பட்டமளிப்பு முடிந்து ஏழு மாதம் கழித்துத் தபாலில் வந்தது. அதற்குள் நான் மூன்று நேர்காணல்களில் ‘வாங்கியிருக்கிறேன், ஆனால் கையில் இல்லை’ என்று சொல்லி முடித்திருந்தேன். மதிப்பெண் பட்டியலிலாவது சான்றிதழின் ஐந்து பாடங்களும் இருக்கும் என்று பார்த்தால், பின்பக்கத்தில், விளையாட்டுப் பங்கேற்புக்குக் கீழே, ‘பிற’ என்ற தலைப்பில் இருந்தன.

சான்றிதழிலும் குறையில்லாமல் இல்லை. எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்று மட்டும் சொல்லித்தந்த ஒரு பாடமும் எங்களுக்கு இருந்தது. மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்ததும் அந்தக் குறிப்பேட்டைத் தூக்கிப் போட்டேன். நிறுவனத்தின் கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் ஈ.ஆர்.பி. மென்பொருள் என்றால் என்ன என்று படம் வரைந்து காட்டினார்களே தவிர, ஒரு கொள்முதல் ஆணையை அதில் பதிந்து பார்க்க எங்களை விடவில்லை. கட்டுரையாளர் இவற்றை எழுதியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். சேரும் முன் மாணவர்கள் என்ன கேட்க வேண்டும், அதாவது பாடங்களின் கிரெடிட் பட்டத்திலும் கணக்கில் சேருமா, செய்முறைக்கு எத்தனை மணி நேரம், தேர்வு நாட்கள் மோதினால் யார் பொறுப்பு என்று நான்கு வரி எழுதியிருக்கலாம். அதற்கு விசாரித்திருக்க வேண்டும், அது சிரமம்தான்.

சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்தக் கட்டுரைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் மூன்றே மாதத்தில் ‘டேட்டா நிபுணர்’ ஆக்குவதாக ஒரு முழுப்பக்க விளம்பரம். நான்கு செமஸ்டர் படிப்பு இடப்பக்கத்தில் ஒரு வரிக்குச் சமம், மூன்று மாதப் படிப்பு வலப்பக்கத்தில் ஒரு பக்கத்துக்குச் சமம் என்ற கணக்கை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பொருள் பற்றி நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் பிரசுரித்தீர்கள், நன்றி. அதில் கட்டுரையைப் பாராட்டிய முதல் இரண்டு வரிகள் மட்டும் வந்திருந்தன. ‘ஆனால்’ என்று தொடங்கிய மூன்றாவது வரியிலிருந்து இடம் போதவில்லை போலிருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தங்கள் ஆண்டுக் கல்வி வழிகாட்டியில் இந்தச் சான்றிதழ் ‘பொழுதுபோக்கும் குறுகிய காலப் பயிற்சிகளும்’ என்ற பகுதியில், கையெழுத்துத் திருத்தத்துக்கும் புகைப்படக் கலைக்கும் நடுவில் இருக்கிறது. அந்தக் கலைகளின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. என்றாலும் அடுத்த பதிப்பில் அதை அங்கிருந்து எடுத்து, வணிகவியல் பட்டங்கள் இருக்கும் பக்கத்தில், அவற்றுக்குக் கீழேயே போட்டுவிடுங்கள். இந்தக் கடிதத்துக்கு இம்முறையும் இடம் போதாமல் போனால், நடையையும் படங்களையும் பாராட்டிய வரிகளை வெட்டிக்கொள்ள எனக்கு முழுச் சம்மதம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி