தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். "பதினாறு வருஷமா கம்ப்யூட்டர் கோடு எழுதுறேன்டா, இப்ப லேப்டாப்பைத் திறக்கவே கை வரல" என்கிற வரிக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் மூடி வைத்துவிட்டேன். ஆறுதலாக நாலு வரி எழுதி அனுப்ப மனசில்லை. அதனால் இங்கே நடப்பதையெல்லாம் அப்படியே எழுதுகிறேன், நீளமாகப் போகும், பொறுமையாகப் படி.

முதலில் என் கதை. போன வருஷம் எங்கள் டீமையே கலைத்துவிட்டார்கள் என்று போனில் சொன்னேன் அல்லவா, அதில் ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. பதினைந்து நிமிஷ வீடியோ அழைப்பில் பன்னிரண்டு வருஷ வேலை முடிந்தது. அப்புறம் ஒரு மாதம் வீட்டில் யாருக்கும் சொல்லாமல், காலை ஒன்பது மணிக்கு வழக்கம்போல் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அம்மா பதினொரு மணிக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மீட்டிங்கா?" என்று சைகையில் கேட்டுவிட்டுச் சத்தம் இல்லாமல் போவார். அதுதான் தாங்க முடியவில்லை.

இப்போதைய வேலையை வாங்கித் தந்தவரை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்களின் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை ஜிட்சி வீடியோ அழைப்பில் நடத்துகிறது, முழுக்கத் தமிழில். அதில் பழக்கமானவர். அவருடைய சர்வர் ஒன்று ராத்திரி ராத்திரி நின்றுபோய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் திரையைப் பகிர்ந்து, சர்வர் தன் நடப்புகளைக் குறித்து வைக்கும் லாக் கோப்பைப் படித்து, டிஸ்க் நிரம்புவதுதான் காரணம் என்று கண்டுபிடித்தோம். அவ்வளவுதான் எங்கள் உறவு. எனக்கு வேலை போனது தெரிந்ததும், நான் கேட்காமலேயே தன் அலுவலகத்தில் பேசிவிட்டு, "நாளைக்கு ஒருத்தர் கூப்பிடுவார், பேசுங்க" என்றார். சம்பளம் முன்னைவிடக் குறைவு. ராத்திரி எட்டரைக்கு ஒரு கூட்டம், மற்றபடி வீட்டிலிருந்தே வேலை. எனக்கு இது போதும் மாப்ள.

நாம் இரண்டு பேரும் முதன்முதலாக ஐஐடிக்குப் போன இரண்டாம் சனிக்கிழமை உனக்கு நினைவிருக்கிறதா? 2008. லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவின் சிடி தபாலில் இலவசமாக வந்துகொண்டிருந்த காலம். உன் வீட்டு முகவரிக்கு வந்த 8.04 சிடியைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். கேட்டிலிருந்து உள்ளே பஸ், கஜேந்திரா சர்க்கிளில் இறங்கி, ஏரோஸ்பேஸ் துறை எங்கே என்று மான்கள் மேயும் பாதையில் விசாரித்துக்கொண்டே நடந்தோம். சென்னை லினக்ஸ் பயனர் குழு அங்கேதான் கூடும். வெளியே நின்று, உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசித்தோம். இங்கிலீஷில் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம். உள்ளேயிருந்து ஓர் அண்ணன் எட்டிப் பார்த்து, "வாங்க தம்பி, சேர் இருக்கு" என்று இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். எந்தக் கல்லூரி, எவ்வளவு பர்சென்டேஜ் என்று யாருமே கேட்கவில்லை. அன்றைக்குப் பேசப்பட்டதில் பாதி புரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ சொன்னாய்: "இவங்கெல்லாம் யாரும் சொல்லாமலே வேலை செய்றாங்கடா." அதைச் சொன்னபோது உன் முகம் இருந்த இருப்பு எனக்கு இப்போதும் தெரிகிறது.

சரி, இங்கே சனிக்கிழமைகளில் நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன்.

அப்பா தறியை நிறுத்திவிட்டார். முட்டி ஒத்துழைக்கவில்லை, குழியில் இறங்கி ஏற முடியவில்லை. போன தையில் தறியைப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். கூடத்தில் குழி மட்டும் இருக்கிறது. மூடிவிடலாம் என்று நான் சொன்னேன், அப்பா பதில் பேசவில்லை, அப்படியே விட்டுவிட்டோம். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் வருகிறார்கள். செவிலிமேட்டிலிருந்து ஒரு பையன், ஐயம்பேட்டையிலிருந்து ஒரு பெண், தெருவிலேயே இரண்டு பேர். குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, குறுக்கே பலகை போட்டு அதன் மேல் லேப்டாப்பை வைத்துக்கொள்கிறார்கள். நாலு பேருக்கு இரண்டு லேப்டாப். மேசை நாற்காலி வாங்கலாம் என்றால் அவர்களுக்கு அதுதான் வசதியாம்.

ஐயம்பேட்டைப் பெண் கலைக்கல்லூரியில் கணினி அறிவியல் இரண்டாம் வருஷம். அர்ரே என்றால் என்ன என்று கேட்டேன். இங்கிலீஷில் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். "சரிம்மா, தமிழ்ல சொல்லு" என்றேன். தரையைப் பார்த்தாள். அவள் வீட்டிலும் தறிதான். "பாவுல நூல் வரிசையா இருக்குல்ல? ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டுட்டா, மூணாவது நூலை எடுன்னா நேரா எடுத்துடலாம்ல?" என்று கேட்டேன். உடனே, "அப்ப நடுவுல ஒரு நூலைப் புதுசா சேர்த்தா அதுக்கு அப்புறம் இருக்கிற எல்லா நம்பரும் மாறணுமே சார்?" என்றாள். பார்த்தாயா! புத்தகத்தில் நாலு பக்கம் தள்ளி வருகிற கேள்வி. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில். நமக்கும் முதல் வருஷத்தில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு அரியர் இருந்திருக்காது. 2012-இல் கணியம் இதழ் வந்தபோது லினக்ஸ் பற்றித் தமிழில் கட்டுரைகளைப் படித்துவிட்டு நீ எனக்குப் போன் பண்ணியது ஞாபகம் இருக்கிறதா? "நமக்கு நாலு வருஷம் லேட்டா வந்துருச்சுடா" என்றாய்.

செவிலிமேட்டுப் பையன் தமிழில் ஒரு குறுக்கெழுத்து விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கிறான். பைத்தான் நிரல் மொழியில். கட்டங்கள் கோணல்மாணலாக வருகின்றன என்று மூன்று வாரமாகப் போராடினான். "காஞ்சிபுரம்" என்று கொடுத்து எண்ணச் சொன்னால் 11 என்கிறது. விரல் விட்டு எண்ணினால் கா, ஞ், சி, பு, ர, ம், ஆறுதான். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு என்பது அவனுக்குத் தெரியாது. நான் உடனே சொல்லவில்லை. சொல்லைத் திருப்பிப் போட்டுப் பார் என்றேன். திரையில் "்மருபிச்ஞாக" என்று வந்தது. முதலில் ஒரு புள்ளி, ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. புவின் கொம்பு ரவுக்குப் போய்விட்டது, சியின் கொக்கி பவுக்குப் போய்விட்டது. அவன் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பா ஈசிசேரிலிருந்து எழுந்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். புடவையில் எந்தப் பூ விழ வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் துளை போட்ட அட்டைகளைத்தான் நினைத்தார். "ஜக்கார்டு அட்டை கோக்கும்போது ஒண்ணு மாறி விழுந்தா பூ இப்படித்தான் வரும். மேல் அட்டையோட கட்டு கீழ் அட்டைக்குப் போயிடும்" என்றார். அதுவரை கணினி பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை மாப்ள. பதினாறு வருஷத்தில் முதல் தடவை. அப்புறம் பையனிடம், மாறிப்போன அட்டையை எப்படித் தேடுவார் என்று விளக்க ஆரம்பித்தார்: முதலிலிருந்து பார்க்க மாட்டாராம், நெய்த துணியில் பூ எந்த இடத்தில் கெட்டது என்று பார்த்து, அந்த இடத்து அட்டையிலிருந்து பின்னால் போவாராம். நாம் பிழை தேடுவதும் அப்படித்தானே?

பையன் சரிசெய்துவிட்டான். ஓப்பன்தமிழ் என்கிற பைத்தான் நிரல் தொகுப்பில் எழுத்துகளாகப் பிரிக்க ஒரு ஃபங்ஷன், அதாவது தயாராக எழுதிவைத்த நிரல்துண்டு இருக்கிறது. அதைக் கூப்பிட்டால் ஆறு வருகிறது. ஆனால் அதோடு அவன் நிற்கவில்லை, அந்த ஃபங்ஷனின் உள்ளே போய் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று வரிவரியாகப் படித்தான். ஒருவர் எழுதிவைத்ததை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம் என்பது அவனுக்கு நம்ப முடியாததாக இருந்தது. "இதுக்குக் காசு கேக்க மாட்டாங்களா சார்?" என்று இரண்டு தடவை கேட்டான்.

எல்லாம் நன்றாகவே போகிறது என்று நினைத்துவிடாதே. சர்டிஃபிகேட் உண்டா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் திரும்பிப் போனவர்கள் நிறைய. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுடைய கல்லூரிகள் காகிதத்தைத்தான் கேட்கின்றன. நன்றாகக் கற்றுக்கொண்டு வேலை கிடைத்தவர்கள் ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள், போக வேண்டியதுதான். ஆனால் போனவர்கள் மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஆன்லைனில் வந்து பேசினால் என்ன? பெண்கள் ஆறு மணிக்கு மேல் இருக்க முடிவதில்லை, அதனால் நேரத்தை நாலுக்கு மாற்றினோம். இதை ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டும். இரண்டு பேரை அதனாலேயே இழந்தோம், அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

போன வாரம் அந்தப் பெண் கேட்டாள்: "ஏஐ எல்லாத்தையும் எழுதித் தருதே சார், நாங்க எதுக்குக் கத்துக்கணும்?" நீயும் உன் கடிதத்தில் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டிருக்கிறாய். எனக்கு எதிர்காலம் சொல்லத் தெரியாது. நானே தினமும் அதைப் பயன்படுத்துகிறேன். அவளுக்கு, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலின் கதையைச் சொன்னேன். உனக்கும் தெரிந்திருக்கும், 2024 மார்ச் 29 அன்று வெளியே வந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்கிற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நிரலாளர், தூரத்துக் கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று விடாமல் தோண்டியதில் சிக்கியது. எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 இரண்டு பதிப்பிலும் பின்கதவு, அதாவது யாருக்கும் தெரியாமல் உள்ளே நுழைய வைத்த ரகசிய வழி. உலகத்தில் எத்தனையோ சர்வர்களுக்குள் போயிருக்க வேண்டியது, அந்த ஒரு மனிதர் அரை வினாடியைப் பொருட்படுத்தியதால் நின்றது.

ஆனால் அந்தக் கதையில் என்னை உறுத்துவது வேறு. அந்த நிரலைப் பல வருஷம் சம்பளம் இல்லாமல் பராமரித்து வந்தவர் தனியாள். களைத்துப்போயிருந்தார். உதவிக்கு வருகிறேன் என்று ஒருவர் வந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்டுதான் அந்தக் கதவை வைத்தார். நிஜமாகவே உதவ நினைத்த இரண்டு பேர் அவர் பக்கத்தில் இருந்திருந்தால் என்று நான் அடிக்கடி யோசிக்கிறேன்.

கோர்வைப் புடவை நெய்வதைப் பார்த்திருக்கிறாய், நம் வீட்டில்தான் பார்த்தாய். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், ஊடை நூலைக் குறுக்கே கொண்டு செல்லும் நாடா மூன்று ஓட வேண்டும். நெய்கிறவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரைக்கான நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவுக்கு அந்த ஆள் நான்தான். பெரிய வேலை ஒன்றும் இல்லை, ஆனால் நான் எழுந்து விளையாடப் போனால் தறி நின்றுவிடும். அப்பா கூப்பிட மாட்டார். சத்தம் நின்றதைக் கேட்டு நானே ஓடி வருவேன்.

நீ பெங்களூரில் பதினான்காவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக நெய்துகொண்டிருக்கிறாய் மாப்ள. உனக்கு அலுத்துப்போனது கோடு என்று எனக்குத் தோன்றவில்லை. உன்னோடு வேலை செய்கிறவர்களில் ஒருவருடைய வீட்டுக்காவது நீ போனதுண்டா? கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், ஒரு மனிதருடைய பெயர்கூட இல்லை.

அதனால் கேட்கிறேன். ஞாயிறு ஜிட்சி இணைப்பைத் தனியாக அனுப்புகிறேன். முதலில் சும்மா வந்து கேள், கேமரா போட வேண்டியதில்லை. கடைசியில் எல்லாரையும் இந்த வாரம் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள், ஒன்றும் செய்யவில்லை என்றாலும் சொல்லலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அப்புறம் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒரு சனிக்கிழமை சேர்த்து லீவு போடு. டேட்டாபேஸில் இண்டெக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று கல்லூரியில் நீ எனக்கு நோட்டில் மரம் வரைந்து விளக்கினாயே, அதை அப்படியே இந்த நாலு பேருக்கும் சொல்லிக் கொடு. நான் இரண்டு தடவை முயன்றேன், உன்னைப்போல் எனக்கு வரவில்லை.

உன் பழைய லேப்டாப் அலமாரியில் சும்மா கிடக்கிறது என்றாயே, கையோடு கொண்டு வா. பேட்டரி போயிருந்தாலும் பரவாயில்லை, சார்ஜரை மறக்காதே. ரேம் கூட்டி டெபியன் லினக்ஸ் போட்டுவிட்டால் நன்றாகவே ஓடும். நாலு பேருக்கு மூன்று ஆகிவிடும்.

அம்மா பாப்பாவைக் கேட்டார். காஞ்சிபுரம் இட்லி பார்சல் கட்டித் தருகிறாராம், எத்தனை பேருக்கு என்று சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்