மகேந்திரன் ஆவணப்படம்: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இயக்குநர் மகேந்திரனின் திரைவாழ்க்கையைப் பற்றிய எங்கள் ஆவணப்படம் முடிந்துவிட்டது. ஒலிக்கலவை வரை எல்லா வேலையும் ஆகி, திரையிடத் தயாராக இருக்கிறது. அதற்கு முன் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

முதலில், தன் பெயர் எங்குமே வரக்கூடாது என்று சொல்லிவிட்ட அந்த மூத்த உதவி இயக்குநருக்கு. ஐயா, நீங்கள் எடிட்டிங் மேசையில் எங்களோடு உட்கார்ந்த பிறகுதான் இந்தப் படத்துக்கு ஒரு பார்வை கிடைத்தது. 'தங்கப்பதக்கம்' படத்துக்கு அனல் பறக்கும் வசனம் எழுதிய அதே மகேந்திரன், நான்கே வருடத்தில், 1978-இல், 'முள்ளும் மலரும்' எடுத்து வசனத்தை ஒதுக்கி வைத்தார். அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று காட்சி காட்சியாக நிறுத்திக் காட்டினீர்கள். அந்தப் படத்தில் தங்கை வள்ளி அண்ணனிடம் ஓடி வரும் இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஒரு பக்கம் வசனம் எழுதியிருப்பார்கள் என்றீர்கள். பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவும் இளையராஜாவின் இசையும் அந்த இடத்தை எப்படி நிரப்புகின்றன என்று நீங்கள் விளக்கியதை ஏறக்குறைய முழுசாகவே படத்தில் வைத்திருக்கிறோம்.

அப்புறம், ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர் அண்ணனுக்கு. பழைய பிலிம் கெடத் தொடங்கினால் புளித்த வினிகர் வாடை அடிக்கும். எங்களுக்குக் கிடைத்த ரீல்களில் அந்த வாடை இருந்தது. டப்பாவைத் திறந்ததுமே "இதை இப்போ ஓட்டாதீங்க" என்று தடுத்தீர்கள். ஓரத் துளைகள் எங்கெங்கே கிழிந்திருக்கின்றன, எந்த ஒட்டு விடப் போகிறது என்று விரலாலேயே தடவிப் பார்த்துச் சரிசெய்து கொடுத்த பிறகுதான் ஸ்கேன் செய்தோம். கூலி என்று ஒரு பைசா வாங்கவில்லை. படத்தில் 35 எம்எம் பிலிமிலிருந்து வரும் ஒவ்வொரு காட்சியும் உங்கள் கை பட்டது.

பாட்டுப் புத்தகங்களையும் பழைய பத்திரிகைகளையும் பொறுமையாக எடுத்துக் கொடுத்த தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலக ஊழியர்களுக்கும், மகேந்திரன் பிறந்த இளையான்குடியில் எங்களை அழைத்துக்கொண்டு சுற்றியவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

எங்கள் படத்தொகுப்பாளரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'உதிரிப்பூக்கள்', 'ஜானி', தேசிய விருது வாங்கிய 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' என்று அந்தப் பொற்காலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பலர் யோசனை சொன்னார்கள். அவர் விடவில்லை. 1984-இல் 'கை கொடுக்கும் கை', 1986-இல் 'கண்ணுக்கு மை எழுது', அதன் பிறகு 1992-இல் 'ஊர்ப் பஞ்சாயத்து', 2006-இல்தான் 'சாசனம்'. இப்படிப்பட்ட ஒரு கலைஞர் இத்தனை வருடம் படம் எடுக்காமல் இருந்தது தமிழ் சினிமாவுக்கு எவ்வளவு பெரிய இழப்பு! அதைச் சொல்லாமல் மகேந்திரனின் வாழ்க்கையைச் சொல்ல முடியாது என்று பிடிவாதமாக நின்றார். படத்தின் கனமான பகுதி இப்போது அதுதான். 2016-இல் 'தெறி' படத்தில் மகேந்திரன் நடிகராகத் திரையில் வந்தபோது இளைஞர்கள் பலர் 'யார் இவர்?' என்று தேடிப்போய் அவருடைய பழைய படங்களைப் பார்த்தார்கள். அப்படி வந்த இரண்டு பேர் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள்.

பணம் அனுப்பிய நண்பர்களுக்கு, சப்டைட்டில் எழுதிய தங்கைக்கு, படப்பிடிப்பு நாட்களில் சமைத்துப் போட்ட அம்மாக்களுக்கு, எல்லோருக்கும் நன்றி.

உங்களிடம் வாங்கிய புகைப்படங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டோம். இன்னும் கைக்கு வந்து சேராதவர்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நேரில் கொண்டுவந்து தருகிறோம். முதல் திரையிடல் உங்களுக்காகத்தான். தேதி முடிவானதும் ஒவ்வொருவரையும் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
ஆவணப்படக் குழுவின் சார்பில்