சாப்பிட்ட இடமும் சீட்டில் பதியட்டும்

ஆசிரியருக்கு, ராமேசுவரம் உணவகங்களில் கெட்டுப்போன மீன் பறிமுதல் செய்யப்பட்ட செய்தியைப் படித்தேன். மீனை அழித்தால் போதுமா? அதைச் சாப்பிட்டு நோயுற்றவருக்கு என்ன வழி? உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இன் 65ஆம் பிரிவில், உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை இழப்பீடு உண்டு. ஆனால் அந்த உணவே காரணம் என்று காட்டச் சான்று வேண்டும்.

பாம்பன் பக்கம் ஓர் உணவகத்தில் சூரை மீன் சாப்பிட்ட என் உறவினர்களுக்கு முகம் சிவந்து வாந்தி கண்டது. ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையில் உண்டாகி இப்படி நோயுறச் செய்யும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள், சமைத்தாலும் போகாது. கையில் ரசீது இல்லை. மருத்துவச் சீட்டில் ‘வயிற்றுக் கோளாறு’ என்பதோடு சரி. வழக்குக்கு வழியே இல்லாமல் போயிற்று. அரசு மருத்துவமனைகள் சாப்பிட்ட இடத்தையும் நேரத்தையும் சீட்டில் பதிந்து, அன்றே உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்க மாவட்ட ஆட்சியர் உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகர், மண்டபம்